கைதட்ட ஆள் தேவை!

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிவிட்டால், பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்தவர்களுக்குப் பொழுது போவதே தெரியாது. ஒரு கல்லூரி வரும். உடனே ஒரு தொழிற்சாலை வரும். மறுபடி கல்லூரி, மறுபடி தொழிற்சாலை! தண்டலத்தில் பொறியியல் கல்லூரிகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களைத் தயாரித்து அனுப்பிக்கொண்டிருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலை. பென்னலூரில், 1985-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி. அதற்கப்புறம், ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து ஒரகடம் பக்கம் திரும்பினாலோ கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள்.

இந்த வட்டாரத்தில் தயாராகாத பொருளே இல்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரே ஒரு சரக்குக்கு மட்டும் இங்கே பெரும் பற்றாக்குறை. அது என்ன தெரியுமா? கைதட்டல்!

சந்தேகமாக இருந்தால், மாலை நாலரை மணிக்கு ஏதாவது ஒரு கல்லூரியின் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் வாலிபால் போட்டி. ஆளுக்கு இரண்டு 'செட்' ஜயித்தாகிவிட்டது. ஐந்தாவது செட்டில் இரண்டு புள்ளி வித்தியாசத்தோடு முதலில் 15 எடுப்பவர்களுக்கு வெற்றி. இங்கே 13, அங்கே 13. ஒரு பெண் பந்தை உயரே தூக்கிப் போட்டு, எம்பிக் குதித்து, ஓங்கி அடிக்கிறாள். பார்ப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடும்!

ஆனால் பார்ப்பவர்கள் யார்? மாற்று ஆட்டக்காரிகள் நாலு பேர். இரண்டு ஃபிசிகல் டைரக்டர்கள். கல்லூரி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இரண்டு மாணவிகள். இவர்களோடு, நிழலுக்காக வந்து படுத்த ஒரு நாய்! மதில் சுவருக்கு அப்பால் ஷிப்ட் முடிந்து ஆயிரக்கணக்கான ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இப்படி ஓர் ஆட்டம் நடக்கிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

இதைக் கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கல்லூரியில் விளையாடிய பெண் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். "நாய் கூட வராத ஆட்டமும் உண்டு" என்பாள்!

பலகைக் காலம்

முன்பெல்லாம் கல்லூரி விளையாட்டுச் செய்திக்கு ஒரே புகலிடம் அறிவிப்புப் பலகைதான். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நாலு குண்டூசி குத்திய தாள் ஒன்று தொங்கும். போட்டி எங்கே, எப்போது, யார் யார் ஆடுகிறார்கள் என்று டைப் அடித்திருக்கும். அதைப் படிப்பவர்கள், அதில் பெயர் இருப்பவர்கள் மட்டுமே! ஜயித்தால் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் கடைசி வரியில் முடிவு வரும், அல்லது வராது. ஆண்டு மலரில் படம் வரும்போது, படத்தில் இருப்பவர்கள் படிப்பை முடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

ஆனால் ஜனங்களுக்கு விளையாட்டில் அக்கறை இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லயோலா கல்லூரி நடத்தும் பெர்ட்ராம் நினைவுப் போட்டிகளைப் பற்றி அந்தக் கால மாணவர்களைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் மோட்டார் பந்தயம் நடந்த நாட்களில், பஸ்ஸிலும் லாரியிலும் தொற்றிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! அந்தப் பந்தயங்கள் பிறகு நம் இருங்காட்டுக்கோட்டைக்கே வந்து சேர்ந்தன. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயப் பாதை இங்கேதான் இருக்கிறது.

ஆக, கூட்டம் வரத்தான் செய்யும். "வாருங்கள், இங்கே ஒரு விசேஷம்" என்று யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆண்கள் கிரிக்கெட்டுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருந்தார்கள். பெண்கள் கோ-கோவுக்கு அந்தக் குண்டூசித் தாள்தான் இருந்தது.

மாணவர் விடுதியில் பிறந்த வித்தை

இப்போது அந்தப் பலகை நம் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. செல்போனைத்தான் சொல்கிறேன்.

ஃபேஸ்புக் என்கிறோமே, அது பிறந்ததே ஒரு கல்லூரியின் மாணவர் விடுதியில்தான். 2004-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழக மாணவர்கள், தங்கள் கல்லூரிக்குள்ளேயே ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வதற்காக ஆரம்பித்த சங்கதி அது. மறு வருஷம் யூடியூப் வந்தது. 2010-ல் இன்ஸ்டாகிராம் வந்தது. இன்று தமிழ்நாட்டிலும் பல கல்லூரிகள் இவற்றில் கணக்கு வைத்திருக்கின்றன. வங்கிக் கணக்கைப் போலவே இதிலும் தினமும் ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால்தான் வளரும்!

இதை நடத்தும் முறை சுவாரஸ்யமானது. போட்டிக்கு முதல் நாள் ஓர் அழைப்பு: எந்த மைதானம், எத்தனை மணி, எதிரணி யார் என்ற விவரம். போட்டியன்று காலையில் ஆட்டக்காரிகள் காலணிக் கயிறு கட்டும் படம். ஆட்டம் நடக்கும்போது ஒவ்வொரு செட்டுக்கும் எண்ணிக்கை. இறுதிப் போட்டி என்றால், முக்காலியில் ஒரு செல்போனை நிறுத்தி ஆட்டம் முழுவதையும் யூடியூபில் நேராகக் காட்டிவிடலாம். ராத்திரி, அந்தக் கடைசி அடியை மட்டும் அரை நிமிஷத் துண்டாக வெட்டி, பாட்டுச் சேர்த்து 'ரீல்' ஆக விட்டால், காலை காபிக்குள் கல்லூரி முழுவதும் பார்த்திருக்கும். பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு பிரதி போகும். அங்கேதான் "எங்கள் காலத்தில்..." என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் புதுச் சீருடை வாங்கிக் கொடுக்கும் புண்ணியவான்களும் அங்கேதான் இருக்கிறார்கள்!

இத்தனையும் செய்பவர்கள் யார்? பெரும்பாலும், விளையாடத் தெரியாத ஆனால் படம் பிடிக்கத் தெரிந்த மாணவ மாணவிகள். ஆட்டக்காரிகளின் கோஷ்டி ஒன்று. அவர்களைப் படம் பிடிக்கும் கோஷ்டி இன்னொன்று. செலவு அதிகமில்லை. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

தொண்ணூற்றிரண்டாயிரம் பேர்!

கல்லூரி விளையாட்டைத் திருவிழாவாகக் கொண்டாடும் தேசம் அமெரிக்கா. அங்கே பெரிய பல்கலைக் கழகங்களில் விளையாட்டுக்கென்றே தனி இலாகா. அந்த இலாகாவில் படம் பிடிக்கவும் எழுதவும் சம்பளத்துக்கு ஆட்கள்!

2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்தின் பெண்கள் வாலிபால் அணி, தன் வழக்கமான உள்ளரங்கை விட்டுவிட்டுக் கால்பந்து ஸ்டேடியத்தின் நடுவே வலை கட்டி ஆடியது. பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 92,003 பேர்! பெண்கள் விளையாட்டுக்கு இத்தனை கூட்டம் கூடியது உலக சாதனை என்று அறிவித்தார்கள்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் இன்னோர் ஆச்சரியம். அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையே பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தை டெலிவிஷனில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் அதிகம். ஆண்கள் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 48 லட்சம். பெண்கள் ஆண்களை முந்தியது அதுவே முதல் தடவை. ஐயோவா பல்கலைக் கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் என்ற பெண், நடுக் கோட்டுக்கு அருகிலிருந்தே பந்தைக் கூடைக்குள் போடும் காட்சி அந்த வருஷம் முழுவதும் செல்போன்களில் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றது அவள் கட்சிதான். ஆனால் பெயர் பெற்றவள் அவள்.

"அப்படியானால் எல்லாம் செல்போன் செய்த மாயம்தான்!" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நெப்ராஸ்காவில் பெண்கள் வாலிபாலுக்கு 2001-லிருந்தே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுதும் விற்றுப்போய்க்கொண்டிருந்தது. ஃபேஸ்புக் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே! தாய் மகளை அழைத்து வந்தாள். மகள் தன் மகளை அழைத்து வந்தாள். அதற்கும் முன்னால், 1972-ல், கல்வி நிலையங்களில் ஆண் பெண் பேதம் பாராட்டக்கூடாது என்று ஒரு சட்டம் செய்து, பெண்களுக்கும் மைதானத்தில் இடம் ஒதுக்க வைத்தார்கள். முதலில் மைதானம், பிறகு ஆட்டம், பிறகு ஆட்கள். செல்போன் வந்து, இருந்த அடுப்பை ஊதி விட்டது. அடுப்பே இல்லாத இடத்தில் ஊதுகுழலை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

நம் மைதானம்

நம் நாட்டில் அடுப்பு இல்லாமலில்லை. பல்கலைக் கழகங்களுக்கிடையே சிறப்பாக விளையாடும் பல்கலைக் கழகத்துக்கு மௌலானா ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்பட்டு வருகிறது. 2020-ல் புவனேசுவரத்தில் 'கேலோ இந்தியா' பல்கலைக் கழகப் போட்டிகள் தொடங்கின. தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவ மாணவிகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஆடுவதற்குப் பெண்கள் இருக்கிறார்கள். பார்ப்பதற்கு வீட்டார் வர வேண்டியதுதான் பாக்கி.

இந்த இடத்தில்தான் அந்தச் சின்ன 'ரீல்' தன் பெரிய வேலையைச் செய்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டோடு. மகள் பொறியியல் கல்லூரியில் இரண்டாவது வருஷம். வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருகிறாள், முழங்காலில் சிராய்ப்பு, முகமெல்லாம் வெயிலில் கறுத்திருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு என்னடி விளையாட்டு? நாளைக்குப் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று அம்மா கேட்கிறாள். அம்மாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சிராய்ப்பும் தாமதமும்தான். ஆட்டத்தை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஒரு நாள் அடுத்த வீட்டு மாமி செல்போனோடு ஓடி வருகிறாள். "இது உங்க பொண்ணுதானே?" பார்த்தால், வலைக்கு மேலே எம்பிப் பந்தை அறைகிறாள் மகள். சுற்றி நிற்கும் பெண்கள் அவளைக் கட்டிக்கொள்கிறார்கள். அம்மா அதை ஒரு தடவை பார்க்கிறாள். மறு தடவை பார்க்கிறாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்கிறாள். அன்று ராத்திரி மகளுக்குச் சாப்பாடு போடும்போது, ஒன்றும் பேசாமல் ஒரு முட்டை அதிகமாக வைக்கிறாள்!

எத்தனை மெடல்களும் சாதிக்காததை அந்த அரை நிமிஷம் சாதித்துவிடும். கல்லூரி விளையாட்டு இலாகாக்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இதுதான். பத்தாயிரம் பேர் பார்த்தார்கள் என்பதைவிட, ஆட்டக்காரியின் அம்மா பார்த்தாளா என்பது முக்கியம்.

ஆனால் ஒன்று. இந்த அறிவிப்புகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன! அம்மாவுக்கு எட்ட வேண்டும் என்றால் அம்மாவின் பாஷையில் அல்லவா எழுத வேண்டும்? "சனிக்கிழமை மாலை 4 மணிக்கு நம் பெண்கள் ஆடுகிறார்கள், குடும்பத்தோடு வாருங்கள்" என்று தமிழில் எழுத அதிக நேரம் பிடிக்காது.

முள்ளும் உண்டு

"அதெல்லாம் சரி, பெண்ணின் படத்தை ஊர் முழுவதும் பார்க்கப் போடலாமா?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. பத்தாம்பசலித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் சங்கமே 2024-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. ஆட்டக்காரர்களைப் பற்றி இன்டர்நெட்டில் எழுதப்படும் வசவுகளை எண்ணிப் பார்த்தார்கள். கூடைப்பந்து ஆடும் ஆண்களுக்கு வந்ததைப்போல் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு மிரட்டல்கள் வந்திருந்தன! அங்கே 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. அதனால் பல பெண்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். கூடவே ஒரு தொந்தரவும் வந்தது. நன்றாக ஆடுகிறவளா, நன்றாகத் தோன்றுகிறவளா, யாருக்கு அதிக 'லைக்' என்ற போட்டி!

நம் கல்லூரிகள் இதிலிருந்து பாடம் படிக்கலாம். பெற்றோரும், ஆட்டக்காரிகளும், கல்லூரியைக் கேட்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு.

படத்தைப் போடுமுன் அந்தப் பெண்ணைக் கேட்டார்களா? அவள் "வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்றால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுவார்களா?

முதல் வருஷ மாணவிகளில் 17 வயதுக்காரிகள் பலர். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. ஆகவே சட்டத்துக்காகக் காத்திராமல் இப்போதே ஒரு கடிதம் எழுதிப் பெற்றோரின் கையெழுத்தை வாங்கிக்கொள்வது அழகு.

படத்தோடு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது? பெயர், ஆட்டம், வாங்கிய பரிசு, இவை போதும். போன் நம்பர், விடுதி, ஏறும் பஸ், பயிற்சி முடிந்து தனியாகத் திரும்பும் நேரம், இவையெல்லாம் ஊருக்குத் தேவையில்லாத சங்கதிகள்.

ஆட்டத்தைக் காட்டும் படமா, ஆளை மட்டும் காட்டும் படமா? பந்தும் வலையும் படத்தில் இருக்கட்டும். காமிராவைத் தூக்கியவன் எதைப் பார்த்தான் என்பது படத்திலேயே தெரிந்துவிடும்!

கீழே அசிங்கமாக எழுதுகிறவர்களை யார் கவனிக்கிறார்கள்? ஒரு பொறுப்பான ஆசிரியை தினமும் ஒரு முறை பார்த்து, கண்டதை அழித்து, அவசியமானால் அந்தப் பகுதியையே மூடிவிட வேண்டும். எல்லை மீறினால் 1930 என்ற எண்ணைக் கூப்பிட்டுப் புகார் செய்யலாம். இன்டர்நெட் குற்றங்களுக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பிறகும் பயமாயிருக்கிறது என்பதற்காகப் பெண்ணின் ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். வசவு எழுதியவனுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

மதிலுக்கு அப்பால்

கடைசியாக, அந்த மதில் சுவருக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஜனங்களிடம் திரும்புவோம்.

ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக ஒரு மாபெரும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கக்கூடிய கட்டிடங்கள்! இப்படிப்பட்ட விடுதிகளில் தங்கும் பெண்களில் பலருக்குக் கல்லூரி மாணவிகளின் வயதுதான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆடியவர்கள், கபடியில் தொடைதட்டியவர்கள் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்! படிப்பு நின்றது, ஆட்டமும் நின்றது. இப்போது ஷிப்ட், பஸ், சாப்பாடு, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கட்டிலில் படுத்துச் செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ நடக்கும் கூத்தெல்லாம் அதில் வருகிறது. மூன்று மைலுக்குள் தங்கள் வயதுப் பெண்கள் ஆடும் ஆட்டம் மட்டும் வருவதில்லை.

வந்தால் என்ன? வருஷத்தில் ஒரு நாள், பெண்கள் இறுதிப் போட்டியை ஞாயிறு மாலையில் வைத்து, கல்லூரி வாசற்கதவைத் திறந்து வைத்து, தமிழில் ஓர் அழைப்பை அந்த விடுதிகளுக்கும் சுற்றுப்புறக் கிராமங்களுக்கும் அனுப்பிப் பார்க்கட்டுமே! கல்லூரி பஸ்கள் ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே நிற்கின்றன? இரண்டு நடை அடித்தால் போதும். காவலுக்கு ஆள், குடிக்கத் தண்ணீர், திரும்பிப் போக வண்டி, இவை மூன்றும் இருந்தால் மைதானத்தில் இடம் போதாது. அங்கே வந்து நிற்கும் பெண்களில் ஒருத்தி, "அண்ணா, நாங்களும் ஒரு டீம் சேர்ந்து ஆடலாமா?" என்று ஃபிசிகல் டைரக்டரைக் கேட்க மாட்டாள் என்று யார் சொல்ல முடியும்?

செல்போனில் 'லைக்' போடுவதற்கு ஒரு விரல் போதும். அதில் ஓசை வராது. ஓசைக்கு இரண்டு கை வேண்டும். அந்த இரண்டு கையும் மைதானத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஆகவே, வாசகியரே, அடுத்த தடவை உங்கள் செல்போனில் "சனிக்கிழமை மாலை 4 மணிக்கு" என்று ஓர் அழைப்பு வந்தால், விரலோடு நிறுத்திவிடாதீர்கள். பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு புறப்படுங்கள். ஐந்தாவது செட்டில் 13-க்கு 13 என்று நிற்கும்போது உங்கள் பெண் ஒரு முறை பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பாள்.

அங்கே நாய் மட்டும் இருக்கக்கூடாது.